பத்து ஆண்டுகள் முழுமையாக

பிப்ரவரி 18

துணைவேந்தர் நல்லசிவத்துக்குப் பதவி நீட்டிப்பு இல்லை என்று இன்று மதியம் உறுதியாகிவிட்டது. மார்ச் ஒன்பதாம் தேதியோடு கிளம்புகிறார். அடுத்தவரைத் தேடுவதற்கான குழுவையே இன்னும் போடவில்லை. முந்தைய தடவை அந்த நாற்காலி ஒன்றரை வருடம் காலியாகக் கிடந்தது. பட்டச் சான்றிதழில் கையெழுத்துப் போட ஆளில்லாமல் பிள்ளைகள் கிடைத்த வேலையைக் கைவிட்டார்கள்.

நல்லசிவம் கெட்ட மனிதர் இல்லை. முடியாது என்று சொல்லத் தெரியாதவர். எந்தக் கோப்பைக் கொண்டுபோனாலும் "பார்ப்போம்மா" என்பார். மூன்று வருடமாக எதையும் பார்க்கவில்லை. எங்கள் புள்ளியியல் துறையில் ஓர் இடம் காலியாகி, அந்த அறையில் புறா முட்டையிட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்தால் மோட்டார் ஓடவில்லை. என் கணவர் பூவலிங்கம் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டென்சர் போயிருக்கும் என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னார். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 21

ஆசிரியர் சங்கக் கூட்டம். நான் தலைவி என்பதால் தேநீருக்குச் சொல்வதிலிருந்து சண்டை விலக்குவது வரை என் தலையில்தான். செயலாளர் தனிஸ்லாஸ் வணிகவியல் துறை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. நான் பேசினால் அப்படியே கேட்டுக்கொண்டிருப்பான்; அது எனக்குப் பிடிக்கும் என்பதை இங்கே எழுதுவதில் தப்பில்லை.

விஷயம் இதுதான். பரஞ்சோதி என்று ஒரு தனியார் கல்லூரி முதல்வர். எங்கள் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி. அவருக்கு மேலே நல்ல செல்வாக்கு. துணைவேந்தராக அவரைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள் என்று பேச்சு. பேராசிரியராகப் பத்து வருடம் இருந்தவர்தான் துணைவேந்தர் ஆகலாம் என்பது விதி. அவரைப் பேராசிரியர் என்று பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டே ஆறு வருடம்தான் ஆகிறது.

அறிக்கையை நானே எழுதினேன். இரண்டு கோரிக்கை. ஒன்று, "பத்து ஆண்டுகள் முழுமையாகப் பேராசிரியர் பணி புரிந்தவரையே நியமிக்க வேண்டும், எந்தச் சலுகையும் கூடாது." இரண்டு, கடைசி நாள் கையெழுத்து செல்லக் கூடாது. இந்தக் கடைசி நாள் கையெழுத்து எங்கள் வளாகத்தில் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. வருடக்கணக்காகக் கிடந்த கோப்பெல்லாம் துணைவேந்தர் போகிற அன்றைக்கு மேசைக்கு வந்துவிடும். அவரும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுத் தள்ளுவார். எத்தனை தகுதியில்லாத ஆட்கள் அப்படி உள்ளே வந்திருக்கிறார்கள் என்று நான் மேடையிலேயே சொன்னேன். நல்ல கைதட்டு.

பிப்ரவரி 22

பத்திரிகையில் அறிக்கை வந்திருக்கிறது. என் பெயரை "தில்லைநாயகம்" என்று போட்டு ஆண் ஆக்கிவிட்டார்கள்.

மார்ச் 1

தேடல் குழுவைப் போட்டு, துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பம் கேட்டு விளம்பரமும் வந்துவிட்டது. காலையிலிருந்து நாலு பேர் போன் செய்து, மேடம் நீங்க ஏன் போடக் கூடாது என்றார்கள். தனிஸ்லாஸ் நேரிலேயே வந்துவிட்டான். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். உண்மையிலேயே இல்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். மாடியில் பத்துத் தொட்டி வைத்துக் கத்தரிக்காய் போடலாம் என்று இருக்கிறேன்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். நல்லவர்கள் ஒதுங்கினால் பரஞ்சோதிகள்தான் வருவார்கள்.

மார்ச் 4

பாஸ்போர்ட் அளவு படம் எடுத்துக்கொண்டேன். சும்மா கையில் இருக்கட்டும் என்று. அரக்குக் கலர் புடவைக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கையை டெய்லர் இன்னும் தரவில்லை. கேட்டால் கல்யாண சீசன் என்கிறாள்.

சாயங்காலம் இவர் நேராகக் கேட்டுவிட்டார். "தில்லை, ஒனக்குப் பத்து வருசம் ஆயிருச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. விவரத்தை எழுதிவிடுகிறேன், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எனக்குப் பேராசிரியர் பதவி உயர்வுக்குத் தகுதி வந்து பதினோரு வருடம் ஆகிறது. நேர்காணல் நடத்த வேண்டிய நிர்வாகம் ஒன்றரை வருடம் தூங்கியது. அதற்கு அப்புறம் நடத்திவிட்டு, நேர்காணல் நடந்த நாளிலிருந்துதான் நீ பேராசிரியர் என்று ஆணை கொடுத்தது. தகுதி வந்த நாளிலிருந்து பார்த்தால் பத்து வருடம் தாராளமாக ஆகிறது. ஆணைப்படி பார்த்தால் சில மாதம் குறைகிறது. தூங்கியது அவர்கள். தண்டனை எனக்கா? பழைய தேதியிலிருந்து கணக்கிட்டுத் திருத்த ஆணை கொடுங்கள் என்று நான் கொடுத்த மனு நல்லசிவத்திடம் "பார்ப்போம்மா"வில் கிடக்கிறது.

இதைச் சொன்னேன். "அப்போ ஆகலை" என்றார். சில மாதக் குறைவெல்லாம் ஒரு குறைவா என்று கேட்டேன். "புள்ளியியல் வாத்தியார் நீ, ஒன்பதரையைப் பத்துன்னு போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குப் பூண்டு தட்டப் போய்விட்டார். இரண்டு நாளாக அவரோடு சரியாகப் பேசவில்லை என்று நாளை மறுநாள் எழுத வேண்டியிருக்கும்.

மார்ச் 6

துணைவேந்தர் அலுவலகம் போனேன். நேர்முக உதவியாளர் சுடலைமுத்து என் கோப்பைக் கண்டுபிடித்து மேலே எடுத்து வைத்தார். எடுத்து வைக்கச் சொன்னது என்னவோ நான்தான். ஆனால் இது மூன்று வருடமாக நிலுவையில் இருக்கும் கோப்பு. கடைசி நேரத்தில் செருகப்பட்டது இல்லை. இரண்டும் வேறு வேறு.

ரவையில் எறும்பு. வெயிலில் கொட்டிப் போட்டேன்.

மார்ச் 9

பிரிவு உபசார விழா. ஆளாளுக்குப் பொன்னாடை. நானும் பேசினேன், அன்பே உருவானவர் என்றேன். பொய்யில்லை. மேடையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய வலது கையே கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாள் முழுக்க அந்தக் கை பொன்னாடை வாங்கியது, கும்பிட்டது, கேக் வெட்டியது. பேனாவைத் தொடவில்லை.

விழா முடிந்து அவர் அறைக்குப் போனால், திருவிழாக் கூட்டம். ஆளுக்கொரு கோப்பு. அதற்குள் என்னால் நுழைய முடியவில்லை. நுழையப் பிடிக்கவுமில்லை, சங்கத் தலைவியை அந்த வரிசையில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? சுடலைமுத்து என் பக்கத்தில் வந்து மெதுவாக, "மேடம், காலையில பங்களாவுக்கு வந்துருங்க. பாக்கியெல்லாம் அங்க கொண்டுபோறேன்" என்றார்.

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. பிரஷர் மாத்திரையை மறந்திருக்கிறேன்.

மார்ச் 10

பங்களாவில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் லாரி. கூடம் முழுக்க அட்டைப்பெட்டி. துணைவேந்தரின் மனைவி இட்லிக் கொப்பரையைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டே, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். பாவம், டம்ளரெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்.

நல்லசிவம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் கோப்புகள் ஒரு முழ உயரத்துக்கு. சுடலைமுத்து லாரிக்காரரோடு கட்டில் பிரிப்பதில் இருந்தார். "வாங்கம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. ஒவ்வொண்ணா எடுத்துத் தாங்க, எனக்குத் தோள்பட்டை தூக்க முடியல" என்றார். வயதான மனிதர் கேட்கும்போது எப்படி மறுப்பது? எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தைப் பிரித்து, போட வேண்டிய இடத்தையும் விரலால் காட்டினேன்.

முதல் கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையைத் தூக்கினார். "தேதி ஒன்பதுன்னே போட்டுரலாம்லா?"

"போடுங்க சார்" என்றேன்.

ஒரு நாள்தானே. எல்லாக் கோப்பும் நேற்றைக்கே அவர் மேசைக்கு வந்தவை. கூட்டம் இல்லாமல் இருந்தால் நேற்றே முடிந்திருக்கும்.

என்னுடையது ஐந்தாவதோ ஆறாவதோ வந்தது. படிக்கவே இல்லை, போட்டுவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு அடுத்த கோப்பை எடுத்தபோது மேலே பெயரைப் பார்த்தேன். பரஞ்சோதி. அவரை ஆறு வருடத்துக்குப் பதில் பத்தரை வருடத்துக்கு முன்பிருந்தே பேராசிரியராக ஏற்றுக்கொள்வதாக ஆணை. கை அப்படியே நின்றுவிட்டது. "சார், இது..." என்றேன்.

"அதுவும் உங்களுது மாதிரிதாம்மா. பழைய தேதி கேக்காரு" என்றார். முகத்தில் ஒரு விகல்பமும் இல்லை. உண்மையாகவே அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

கொடுத்தேன். பாதியில் எழுந்து வருவது மரியாதை இல்லை என்பதால் மீதியையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் மனைவிக்கு ஒரு பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 11

விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் அனுப்பினேன். ரவிக்கை வந்துவிட்டது, கை இறுக்கம்.

மார்ச் 19

நல்லசிவம் போன பிறகு பொறுப்புக் குழு என்று மூன்று பேர் நிர்வாகம் பார்க்கிறார்கள். சம்பளப் பட்டியலைத் தவிர எதிலும் கை வைக்கப் பயப்படுகிறார்கள். என் ஆய்வு மாணவி முத்துப்பேச்சி வாய்மொழித் தேர்வு முடித்துவிட்டாள். முனைவர் பட்டச் சான்றிதழில் கையெழுத்துப் போடத் துணைவேந்தர் வேண்டும். ஜூன் மாதத்துக்குள் சான்றிதழ் காட்டினால் அவளுக்கு ஒரு அரசுக் கல்லூரியில் வேலை. தினமும் வாசலில் வந்து நிற்கிறாள். ஒன்றும் கேட்பதில்லை. அவள் ஏதாவது கேட்டுத் தொலைத்தால் நன்றாக இருக்கும்.

தனிஸ்லாஸ் வந்தான். கடைசி நாள் கையெழுத்தான ஆணைகளில் பரஞ்சோதியுடையதும் இருப்பதாக அவன் காதுக்கு வந்திருக்கிறது. கடைசி நாள் ஆணைகள் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கக் கோரி தேடல் குழுவுக்கு ஒரு மனு எழுதி எடுத்து வந்திருந்தான். "நீங்க கையெழுத்துப் போட்டா மத்தவங்க எல்லாம் போட்டுருவாங்க மேடம்."

எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும். என்னுடையதும் அதில் உண்டு என்று அவனுக்குத் தெரியாது. கொஞ்சம் மொழியைத் திருத்த வேண்டியிருக்கிறது, வைத்துவிட்டுப் போ என்றேன்.

மார்ச் 27

மனு மேசை மேலேயே இருக்கிறது. விடைத்தாள் திருத்தும் முகாம் நடக்கும்போது எதற்கும் நேரமில்லை. தனிஸ்லாஸ் இரண்டு தடவை கேட்டான். ஆதாரம் இல்லாமல் எழுதக் கூடாது, யாராவது பார்த்த சாட்சி வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். நியாயமான பேச்சுதான்.

இவர் மாடியில் தொட்டிக்கு மண் கொண்டுவந்து போட்டிருக்கிறார். கத்தரி நாற்று வாங்கவில்லையா என்று கேட்டார். இப்போது எதற்கு என்றேன்.

ஏப்ரல் 3

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அல்சராக இருக்கும்.

ஏப்ரல் 16

நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்கள் பட்டியல் வந்துவிட்டது. நான் இருக்கிறேன். பரஞ்சோதியும் இருக்கிறார். வெளி மாநிலத்திலிருந்து ஒருவர்.

வளாகமே என்னை வாழ்த்துகிறது. கேன்டீனில் இன்றைக்கு எனக்குக் காபிக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்கள். தனிஸ்லாஸ் மட்டும் கொஞ்ச நேரம் தயங்கி நின்றான். "மேடம், இப்ப அந்த மனுவை அனுப்புனா, போட்டியாளர் மேல நீங்க புகார் குடுத்த மாதிரி ஆயிரும்லா. வேண்டாம் மேடம். நீங்க ஜெயிச்சு வந்துட்டாப் போதும், அவன் கதை தானா முடிஞ்சுரும்" என்றான்.

அவனாகவே சொன்னான். நான் சொல்லச் சொல்லவில்லை. மனுவை மடித்து அவனிடமே கொடுத்துவிட்டேன். மனசு லேசானது. முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு, கவலைப்படாதே, ஜூனுக்குள் உன் சான்றிதழில் கையெழுத்து விழும் என்றேன். யார் கையெழுத்து என்று சொல்லவில்லை. அவளே புரிந்துகொண்டு சிரித்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் எல்லாம் சொன்னேன், பங்களா விஷயம் உட்பட. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. மோரை ஊற்றிப் பிசைந்தார். அப்புறம், "நீ கேட்டா நியாயம், அவன் கேட்டா மோசடியா?" என்று மட்டும் கேட்டார்.

என்னுடைய தாமதத்துக்கு நிர்வாகம் காரணம், அவருக்கு அந்த நாலரை வருடம் தகுதியே கிடையாது என்று விளக்கினேன். "அது சரி. ஆனா ஒரே நாள், ஒரே பேனா, ஒரே கை. எடுத்துக் குடுத்ததும் ஒரே ஆளு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஏப்ரல் 29

சென்னை. நேர்காணல் முடிந்தது. அரக்குப் புடவையில் நன்றாகத்தான் இருந்தேன், கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

மூன்று பேர் கொண்ட குழு. தலைவர் ஓய்வு பெற்ற கல்வியாளர், மரியாதையான மனிதர். புது பாடத்திட்டம், காலியிடம், தேர்வுச் சீர்திருத்தம் என்று கேட்டார்கள். தயாராக இருந்தேன். எத்தனை ஆண்டுகள் பேராசிரியர் என்று கேட்டபோது, திருத்த ஆணையின்படி பத்து முடிந்துவிட்டது என்றேன். ஆணையின் நகலைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள்.

எழுந்திருக்கும்போது தலைவர் இன்னொன்று கேட்டார். ஆசிரியர் சங்கத் தலைவி நீங்கள். தகுதியான ஆள் வர வேண்டும் என்று அறிக்கை விட்டீர்கள். பட்டியலில் இருக்கும் மற்றவர்களின் தகுதி பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?

அறை ரொம்பக் குளிராக இருந்தது. அவர் ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டிருந்தார். சொன்னால் நீ அங்கே எதற்குப் போனாய் என்று கேட்பார்.

"ஒன்றுமில்லை சார்" என்றேன்.

ரயிலில் திரும்பும்போது எதிர் இருக்கைக்காரர்கள் புளியோதரை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன், வாயில் வைக்க முடியவில்லை. கை கழுவும் இடத்தில் போட்டுவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. எதற்கு என்று எழுதத் தெரியவில்லை.

மே 4

ஒரு செய்தியும் இல்லை. போன் அடித்தாலே தூக்கிவாரிப் போடுகிறது. இன்று வந்த அழைப்பெல்லாம்: கேஸ் சிலிண்டர், கடன் வேண்டுமா என்று ஒரு பெண், டெய்லர்.

மே 8

பரஞ்சோதி.

மே 9

பட்டியலில் என்னைவிட அவருக்கு ஒரு மதிப்பெண்தான் அதிகம் என்று யாரோ சொன்னார்களாம். பத்தரை வருட அனுபவத்துக்கு. தலைவர் என்னைக் கேட்ட அந்தக் கேள்வியை நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாரே.

துணி துவைத்தேன். மெஷின் இருக்கும்போதே கையால் துவைத்தேன்.

மே 12

புதுத் துணைவேந்தர் பதவியேற்பு. மூத்த பேராசிரியர் என்ற முறையில் நான்தான் பொன்னாடை போர்த்த வேண்டும். போர்த்தினேன். தனிஸ்லாஸ் ஆட்கள் கறுப்புப் பட்டை குத்தியிருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தான், பையில் வைத்துக்கொண்டேன்.

பரஞ்சோதி நான் நினைத்ததைவிட உயரமாக, சாந்தமாக இருந்தார். குனிந்து பொன்னாடையை வாங்கும்போது என் காதருகில் சொன்னார், "மேடம், என் ஃபைலை உங்க கையாலதான் எடுத்துக் குடுத்தீங்கன்னு சுடலைமுத்து சொன்னாப்ல. மறக்க மாட்டேன்."

நன்றி சொல்கிற குரல்தான். எனக்கு முதுகு வேர்த்துவிட்டது. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். படத்தில் சிரித்துக்கொண்டுதான் இருப்பேன்.

மே 15

முத்துப்பேச்சிக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. பரஞ்சோதி கையெழுத்து. காலில் விழ வந்தாள், தடுத்துவிட்டேன். நாளைக்கு இந்த ஆளின் நியமனமே செல்லாது என்று ஆகிவிட்டால் அவர் கையெழுத்திட்ட இந்தக் காகிதம் என்ன ஆகும்? அவள் வேலை என்ன ஆகும்? அவள் கொண்டுவந்த லட்டைச் சாப்பிட்டுக்கொண்டே இதை நினைத்தேன். தகுதியான ஆள் வேண்டும் என்று மேடையில் கத்தியபோதெல்லாம் இந்த ஒரு முகத்தை நான் யோசித்ததே இல்லை.

மே 20

சுற்றறிக்கை. "ஆசிரியர் சங்கத்தின் நியாயமான கோரிக்கையை ஏற்று, முன்னாள் துணைவேந்தர் தமது கடைசி நாளில் துறைகளுக்குப் பிறப்பித்த ஆணைகள் அனைத்தும் ரத்து செய்யப்படுகின்றன." கீழே ஒரு வரி: இணைப்புக் கல்லூரிகள் தொடர்பான ஆணைகளுக்கு இது பொருந்தாது.

அவருடையது இணைப்புக் கல்லூரி. தப்பித்துக்கொண்டது.

ரத்தானவர்கள் பட்டியலை நிர்வாகக் கட்டடத்தின் தகவல் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ஏழாவது பெயர் என்னுடையது. இந்தத் தடவை தில்லைநாயகி என்று சரியாகப் போட்டிருந்தது. பக்கத்தில் விவரமும் இருந்தது: பேராசிரியர் பதவித் தேதித் திருத்தம். நான் போனபோது பத்துப் பதினைந்து பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வழிவிட்டார்கள். அவமானமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை, அவமானம்தான்.

மே 21

தனிஸ்லாஸ் துறைக்கு வந்தான். வழக்கமாக வந்து உட்காருகிற நாற்காலியில் உட்காரவில்லை.

பரஞ்சோதி நியமனத்தை எதிர்த்து மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குப் போடப் போவதாகச் சொன்னான். சங்கத்தின் சார்பாக அவனும் இன்னும் இரண்டு பேரும் மனுதாரர்கள். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஒங்க பேரைப் போடல மேடம்" என்றான்.

நான் ஏன் என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நிர்வாகம் தூங்கிய கதையை எடுத்து விட்டிருப்பேன். இரண்டரை மாதமாக எனக்கு நானே சொல்லி நன்றாக மனப்பாடம் ஆகியிருந்தது. அவன் திட்டவில்லை.

வழக்கு நிற்குமா என்று கேட்டேன். சந்தேகம்தான் என்றான். ஆணையில் தேதி மார்ச் ஒன்பது. அன்றைக்கு நல்லசிவம் பதவியில் இருந்தார். ஆகவே ஆணை செல்லும். பதவி முடிந்த பிறகு பங்களாவில் வைத்துத் தேதி மாற்றிப் போட்டார் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள், ஆனால் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. சுடலைமுத்து வாயைத் திறக்க மாட்டார். வக்கீல் அந்தச் சாட்சியைத்தான் கேட்கிறார்.

எனக்கு முதலில் வந்த நினைப்பை அப்படியே எழுதுகிறேன். நல்லவேளை, யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஒரு நொடி உள்ளூர ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல்தான் என்னைக் கொன்றுவிட்டது.

"நான் பாத்தேன்" என்றேன்.

அவன் திரும்பினான்.

"பத்தாம் தேதி காலையில. ஃபைலை எடுத்துக் குடுத்ததே நான்தான். தேதியைக் கேட்டாரு, போடுங்கன்னு சொன்னதும் நான்தான்."

அவன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தான். "ஆர்டர் கேன்சலான கோவத்துல சொல்லுதீங்கன்னு சொல்லுவாங்க மேடம்" என்றான்.

"சொல்லட்டும்."

"நீங்க அங்க எதுக்குப் போனீங்கன்னு கேப்பாங்க. ஒங்க மேலயும் நடவடிக்கை வரும். ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருசம் இருக்கு."

தெரியும் என்றேன். முத்துப்பேச்சியின் சான்றிதழ் என்ன ஆகும் என்று வக்கீலிடம் முதலில் கேட்டு வை என்றேன். அதற்குச் சட்டத்தில் வழி இருக்கும், பிள்ளைகளைப் பாதிக்காமல் தீர்ப்புச் சொல்வார்கள் என்று அவன் சொன்னான். அவனுக்குத் தெரியுமோ என்னவோ. பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்வரை எனக்கு அந்தப் பயம் போகாது. போட்ட பிறகும் போகாது.

மே 22

இவரிடம் சொன்னேன். மதுரைக்கு நானும் வருகிறேன் என்றார்.

மே 24

மதுரையில் வக்கீல் அலுவலகம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருக்கிறது. படியெல்லாம் வெற்றிலைக் கறை. இவர் கீழேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். தனிஸ்லாஸ் என்னோடு மேலே வந்தான்.

வக்கீல் இளம் வயதுப் பெண். என்னிடம் முன்பு ஒரு வருடம் புள்ளியியல் படித்திருக்கிறாளாம், எனக்கு ஞாபகமில்லை. அவளுக்கு என் மேல் மரியாதை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பிரமாணப் பத்திரத்துக்கு நான் சொல்லச் சொல்ல அவளே கணினியில் அடித்தாள். பெயர், கணவர் பெயர், முகவரி, துறை. விரல்கள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன.

"பேராசிரியரா எத்தனை வருசம் மேடம்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமலே, "பத்துன்னு போட்டுக்கிடுதேன்" என்றாள்.

"இல்லம்மா. பத்து ஆகல."

விரல் நின்றது. தனிஸ்லாஸை ஒரு தடவை பார்த்தாள், அப்புறம் என்னை. அந்த வார்த்தையை நான் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. திரும்ப ஒரு முறை சொன்னேன்.

"பத்து ஆகலைன்னே போடுங்க."